எஸ்டிஎம்32ல் ஓடும் ஆர்டிஓஎஸை பிசியில் ஏற்ற எவ்வளவு வேலை?

கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். எஸ்டிஎம்32 (கார்டெக்ஸ்-எம் வகை சிபியு கொண்ட மைக்ரோகண்ட்ரோலர் சிப்) போர்டில், ஓப்பன் சோர்ஸ் ஆர்டிஓஎஸ் (குறித்த நேரத்துக்குள் வேலையை முடித்துத் தரும் சின்ன ஆபரேட்டிங் சிஸ்டம்) ஒன்றின் மேல் ஓடும் ஒரு கண்ட்ரோலர் சாஃப்ட்வேர் இருக்கிறது. அதை லினக்ஸ், விண்டோஸ் எதுவும் இல்லாமல் ஒரு இண்டஸ்ட்ரியல் பிசியில் நேரடியாக ஓட்ட வேண்டும். அந்த ஆர்டிஓஎஸின் எக்ஸ்86 (பிசியின் சிபியு வகை) பகுதி அரைகுறையாகக் கிடக்கிறது. பூட்லோடர் (மெஷின் ஆனதும் ஆர்டிஓஎஸை மெமரியில் ஏற்றும் நிரல்) எழுதுவதிலிருந்து ஆரம்பிக்கலாமா, மொத்தம் எவ்வளவு வேலை, எங்கெல்லாம் மாட்டிக்கொள்வோம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பூட்லோடர் எழுதாதீர்கள். காரணம் கீழே வருகிறது. அதற்கு முன்னால் ஒன்று: பிசி எதற்கு என்று நீங்கள் சொல்லவில்லை, பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது. போர்டு கையில் இல்லாமலே அப்ளிகேஷனை டெஸ்ட் செய்ய வேண்டும், அவ்வளவுதான் தேவை என்றால் இந்த வேலையே வேண்டாம். ஜெஃபிர் என்ற ஆர்டிஓஎஸில் நேட்டிவ் சிம் என்று ஒன்று இருக்கிறது. கெர்னலும் (ஆர்டிஓஎஸின் மையப் பகுதி) உங்கள் அப்ளிகேஷனும் சேர்ந்து லினக்ஸில் ஒரு சாதாரண புராசஸாக ஓடும். ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற இன்னொன்றுக்கு விண்டோஸ் சிமுலேட்டரும் போஸிக்ஸ் போர்ட்டும் (லினக்ஸில் ஓடும்படி மாற்றிய வடிவம்) உண்டு. ஈகாஸ் என்ற பழைய ஆர்டிஓஎஸில் இதே யோசனை சிந்தெடிக் டார்கெட் என்ற பெயரில் இருபது வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. இவற்றில் ஒன்று போதும் என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். எஸ்டிஎம்32ல் மெமரி போதவில்லை, ஒரு பிசிஐ கார்டை (மதர்போர்டில் செருகும் கார்டு) நேரடியாக ஓட்ட வேண்டும், அல்லது கணக்கு போடும் வேகம் போதவில்லை என்றால்தான் மேற்கொண்டு படிப்பதில் அர்த்தம் இருக்கிறது.

சரி, நிஜ ஹார்டுவேர்தான் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஆர்டிஓஎஸ் எதுவாக இருந்தாலும், மற்றவர்கள் இதை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று ஒரு வாரம் உட்கார்ந்து படியுங்கள். ஆர்டெம்ஸ் என்ற ஆர்டிஓஎஸில் பிசி386 என்ற பிஎஸ்பி (ஒரு போர்டுக்கு உரிய நிரல் தொகுப்பு) ரொம்ப காலமாக இருக்கிறது. ஈகாஸ் 1998ல் சிக்னஸ் கம்பெனியிலிருந்து வந்தது, இன்று புதிதாக யாரும் அதை எடுப்பதாகத் தெரியவில்லை, ஆனாலும் அதன் ஹெச்ஏஎல் (ஹார்டுவேரைத் தொடும் அடுக்கு) பிரிப்பு அழகானது: ஐ386 (32 பிட் எக்ஸ்86) ஃபோல்டரைத் திறந்தால் சிபியுவுக்கு உரியது ஒரு இடத்திலும் பிசிக்கு உரியது இன்னொரு இடத்திலும் தனித்தனியாக இருக்கும். ஃப்ரீஆர்டிஓஎஸின் ஐஏ32 ஃப்ளாட் போர்ட் சின்னது, இன்டெல் கலிலியோ போர்டை வைத்து எழுதியது, ஒரே மூச்சில் படித்துவிடலாம். நட்எக்ஸ் என்ற ஆர்டிஓஎஸிலும் எக்ஸ்86 64 பிட் போர்ட் இருக்கிறது. இன்றைய ஹார்டுவேருக்கு என்ன தேவை என்று பார்க்க ஜெஃபிரின் எக்ஸ்86 பகுதிதான் சிறந்தது. யூஇஎஃப்ஐ (பிசி ஆனதும் முதலில் ஓடும் ஃபர்ம்வேர், பழைய பயாஸின் வாரிசு) மூலம் நேராக பூட் ஆகும் ஃபைலைக்கூட அதன் பில்டு உருவாக்கித் தருகிறது. உண்மையைச் சொன்னால், உங்கள் அப்ளிகேஷன் சின்னதாக இருந்தால் அதை ஜெஃபிருக்கு மாற்றி எழுதுவது, உங்கள் ஆர்டிஓஎஸை பிசிக்குக் கொண்டுவருவதைவிட மலிவாக முடியலாம். இதை மேலதிகாரியிடம் சொல்ல ஒரு முறையாவது முயன்று பாருங்கள்.

இப்போது எல்லோரும் தவறாகக் கணக்குப் போடும் இடத்துக்கு வருவோம். போர்ட்டிங் என்றதும் மனதில் வருவது சிபியு: ரிஜிஸ்டர், கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச் (டாஸ்க் மாற்றுவது), அசெம்பிளி. அது இந்த வேலையில் சின்னப் பகுதி. எஸ்டிஎம்32க்கு ஒரு ரெஃபரன்ஸ் மேனுவல் இருக்கிறது, யூஆர்ட் (சீரியல் போர்ட் ஹார்டுவேர்) எந்த முகவரியில் இருக்கிறது என்று அதில் அச்சடித்திருக்கும், அந்தச் சிப் உலகத்தில் எங்கே இருந்தாலும் அது மாறாது. பிசிக்கு அப்படி ஒரு புத்தகம் கிடையாது. 1981ல் ஐபிஎம் எடுத்த முடிவுகள் மேல் 1984ல் ஏடி மெஷின், அதன் மேல் 1992ல் பிசிஐ, அதன் மேல் 1996ல் ஏசிபிஐ (ஹார்டுவேர் விவரத்தை டேபிளாகத் தரும் முறை), அதற்கும் மேல் யூஇஎஃப்ஐ என்று பழைய வீட்டை இடிக்காமலே மாடி மாடியாகக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். உங்கள் ஆர்டிஓஎஸ் ஹார்டுவேரை கம்பைல் செய்யும்போதே தெரிந்து வைத்திருக்கும் வகை. பிசியில் ஓடும்போது தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் நேரத்தில் பெரும்பகுதி இந்த ஒரு வித்தியாசத்தில்தான் போகப்போகிறது.

அதனால் பிசிக்குப் போர்ட் செய்கிறேன் என்று சொல்லாதீர்கள். இன்ன மதர்போர்டு, இன்ன மாடல், இன்ன பயாஸ் வெர்ஷன் என்று முடிவு செய்து அதற்கு மட்டும் செய்யுங்கள், அதே போர்டில் இரண்டு மூன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பிசியிலும் ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டால் நீங்கள் இன்னொரு லினக்ஸை எழுதத் தொடங்கிவிட்டீர்கள் என்று பொருள். போர்டு தேர்ந்தெடுக்கும்போது நிஜமான சீரியல் போர்ட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நிஜமான என்றால் பழைய ஐஓ முகவரியில் பதில் சொல்லும் 16550 சிப் வகை. பின்பக்கம் டிபி9 கனெக்டர் இல்லாத பல மதர்போர்டுகளில் உள்ளே காம் ஹெடர் பின்கள் இருக்கும், ஒரு பிராக்கெட் வாங்கி மாட்டினால் போதும். யூஎஸ்பி சீரியல் கன்வெர்ட்டர் இங்கே உதவாது, அதைப் பேச வைக்க உங்களுக்கு முழு யூஎஸ்பி ஸ்டாக் (யூஎஸ்பியை இயக்கும் நிரல் அடுக்குகள்) வேண்டும், முதல் எழுத்தை அச்சடிக்க யூஎஸ்பி ஸ்டாக் எழுதுவது எங்கே போய் முடியும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பிசிஐ எக்ஸ்பிரஸ் சீரியல் கார்டு பரவாயில்லை, ஆனால் அதன் முகவரி ஹெக்ஸில் 3எஃப்8 ஆக இருக்காது, பிசிஐயில் தேடித்தான் எடுக்க வேண்டும்.

பூட் விஷயம். பயாஸ் டிஸ்க்கின் முதல் 512 பைட்டை 7சி00 என்ற முகவரியில் ஏற்றி, 16 பிட் ரியல் மோடில் குதிக்கும் என்பதைப் படித்துவிட்டு அங்கிருந்து எழுத ஆரம்பிக்கும் ஆர்வம் எல்லோருக்கும் வரும். 1 எம்பிக்கு மேலுள்ள மெமரியைத் தொட ஏ20 லைனைத் திறப்பது, மெமரி மேப் எடுப்பது, புரொடெக்டட் மோடுக்கு மாறுவது, டிஸ்க்கிலிருந்து மீதியைப் படிப்பது எல்லாம் சுவாரசியமானவைதான். ஆனால் உங்கள் ஆர்டிஓஎஸுக்கு இதனால் ஒரு காசு பிரயோஜனம் இல்லை. க்ரப் என்ற ரெடிமேட் பூட்லோடர் இதையெல்லாம் செய்துவிட்டு மல்டிபூட் என்ற பொது முறையில் உங்கள் கெர்னலை ஏற்றும். கெர்னல் ஃபைலின் முதல் 8192 பைட்டுக்குள் 1பிஏடிபி002 என்ற மேஜிக் எண், அடுத்து ஃபிளாக்ஸ், அடுத்து மூன்றையும் கூட்டினால் பூஜ்யம் வருகிற மாதிரி ஒரு செக்சம். அவ்வளவுதான். லிங்க்கர் ஸ்கிரிப்ட்டில் கெர்னலை 1 எம்பி முகவரியில் வைக்க வேண்டும், அந்த ஹெடர் செக்‌ஷனை எல்லாவற்றுக்கும் முன்னால் போட வேண்டும், அதை லிங்க்கர் தேவையற்றது என்று தூக்கி எறியாமல் கீப் (KEEP) கட்டளை போட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஹெடர் காணாமல் போனால் க்ரப் அதையே ஒரு வரியில் சொல்லிவிடும்.

மல்டிபூட் உங்களிடம் எந்த நிலையில் மெஷினைக் கொடுக்கிறது என்பதைச் சரியாகப் படித்துக்கொள்ளுங்கள்: 32 பிட் புரொடெக்டட் மோட், பேஜிங் (மெமரியைப் பேஜ்களாக மேப் செய்வது) அணைந்திருக்கும், ஏ20 திறந்திருக்கும், இன்டரப்ட் (ஹார்டுவேர் சிபியுவை இடைமறித்துக் கூப்பிடுவது) அணைந்திருக்கும். ஸ்டாக் கிடையாது, நீங்கள்தான் அமைக்க வேண்டும். ஜிடிடி (மெமரி செக்மென்ட்டுகளின் டேபிள்) இருக்கிறது என்று நம்பக்கூடாது. செக்மென்ட் ரிஜிஸ்டர்கள் சரியாக இருந்தாலும் அதன் பின்னால் இருக்கும் டேபிள் எப்போது வேண்டுமானாலும் அழிந்துவிடலாம், எனவே முதல் வேலையாக சொந்த ஜிடிடி போட்டு எல்லாச் செக்மென்ட்டையும் மறுபடி ஏற்றுங்கள். மெமரி மேப்பும் க்ரப் தரும். அதில் ஒரு சின்னப் பொறி உண்டு: ஒவ்வொரு என்ட்ரியின் தொடக்கத்தில் இருக்கும் சைஸ் எண், தன்னுடைய நான்கு பைட்டைக் கணக்கில் சேர்க்காது. அடுத்த என்ட்ரிக்குப் போக சைஸோடு நான்கைக் கூட்ட வேண்டும். ஹீப்பை (ஓடும்போது மெமரி ஒதுக்கும் இடம்) எங்கேயும் குத்துமதிப்பாக வைக்காமல் இந்த மேப்பைப் பார்த்து வையுங்கள். 1 எம்பிக்கு மேலேயும் பயாஸ் தனக்கென்று எடுத்துக்கொண்ட துண்டுகள் இருக்கும்.

யூஇஎஃப்ஐ மட்டும் உள்ள போர்டு என்றால் கொஞ்சம் மாறும். பழைய பயாஸ் ஆதரவை 2020க்குள் எடுத்துவிடுவோம் என்று இன்டெல் 2017லேயே சொல்லிவிட்டது, எனவே புதுப் போர்டு வாங்கினால் இதற்குத் தயாராக இருங்கள். க்ரப் அங்கேயும் வேலை செய்யும், மல்டிபூட்2 எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பி8000 முகவரியில் எழுத்தை எழுதினால் திரையில் வரும் பழைய விஜிஏ டெக்ஸ்ட் மோட் அங்கே இருக்காது, வெறும் பிக்ஸல் ஃப்ரேம்பஃபர்தான். கெர்னல் நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், திரை கறுப்பாக இருக்கும், நீங்கள் பூட்டே ஆகவில்லை என்று நினைத்துத் தேடிக்கொண்டிருப்பீர்கள். சீரியல் போர்ட்டை இவ்வளவு வலியுறுத்துவது இதற்காகவும்தான். ஏசிபிஐ டேபிளின் தொடக்கத்தையும் 1 எம்பிக்குக் கீழே தேடினால் கிடைக்காது; மல்டிபூட்2 தரும் தகவலில் இருந்து எடுக்க வேண்டும்.

32 பிட்டா 64 பிட்டா? உங்கள் நிலையில் 32தான் என் பதில். கார்டெக்ஸ்-எம் நிரலில் பாயின்டரை 32 பிட் எண்ணில் போட்டுவைக்கும் பழக்கம் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது. ஐ386ல் பாயின்டர் அளவு, இன்ட் அளவு, லிட்டில் எண்டியன் என்ற பைட் வரிசை எல்லாம் அங்கே இருந்தபடியே இருக்கும், பாதி அப்ளிகேஷன் மாற்றமே இல்லாமல் கம்பைல் ஆகிவிடும். 4 ஜிபிக்கு மேல் மெமரி வேண்டும் என்றால் மட்டும் 64 போங்கள். போவதாக இருந்தால் கம்பைலரில் ரெட் ஸோனை அணைக்க மறக்காதீர்கள். 64 பிட் சிஸ்டம் வி ஏபிஐயில் (ஃபங்ஷன்களை அழைக்கும் விதிமுறை), ஃபங்ஷன் ஒன்று ஸ்டாக் பாயின்டரை நகர்த்தாமலே அதற்குக் கீழே 128 பைட்டைப் பயன்படுத்திக்கொள்ளலாம். யூசர் புரோகிராமுக்கு அது சரி, கெர்னலில் அதே ஸ்டாக்கின் மேல் இன்டரப்ட் வந்து விழும்போது அந்த 128 பைட் நாசமாகிவிடும். எப்போதாவது ஒரு முறை ஒரு லோக்கல் வேரியபிள் மட்டும் மாறிப்போகும், டீபக்கரில் நிறுத்திப் பார்த்தால் நடக்காது. அதோடு 64 பிட்டில் கம்பைலர் எஸ்எஸ்இ (ஃப்ளோட் கணக்குக்கான) ரிஜிஸ்டர்களை தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்ளும், இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள்ளும்கூட. அதையும் தடுக்க வேண்டும்.

சிபியு பகுதி. ஐ386ல் டாஸ்க் மாற்றும் ஃபங்ஷனே இபிஎக்ஸ், இஎஸ்ஐ, இடிஐ, இபிபி என்று நான்கை புஷ் செய்து, ஸ்டாக் பாயின்டரை மாற்றி, மறுபடி பாப் செய்து திரும்புவதுதான். பத்துப் பதினைந்து வரி அசெம்பிளி. கார்டெக்ஸ்-எம் பழகியவர்களைக் கவிழ்ப்பது அதில்லை, அங்கே ஹார்டுவேர் சும்மா செய்து கொடுத்த மூன்று விஷயங்கள் இங்கே கிடையாது என்பதுதான்.

ஒன்று, இன்டரப்ட் வந்தால் கார்டெக்ஸ்-எம் எட்டு ரிஜிஸ்டரைத் தானே ஸ்டாக்கில் போட்டுக்கொள்ளும், ஹேண்ட்லரை சாதாரண சி ஃபங்ஷனாக எழுதலாம். எக்ஸ்86 போடுவது ஃபிளாக்ஸ், சிஎஸ், இஐபி மூன்றுதான், மற்றதை அசெம்பிளி ஸ்டப் எழுதி நீங்களே காப்பாற்ற வேண்டும். சில எக்ஸப்ஷன்களில் மட்டும் கூடவே ஒரு எர்ரர் கோடும் வரும், மற்றவற்றில் வராது. வராத இடத்தில் ஒரு பொய்ப் பூஜ்யத்தைப் போட்டு எல்லா ஃப்ரேமையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

இரண்டாவது, தனி இன்டரப்ட் ஸ்டாக். கார்டெக்ஸ்-எம்மில் மெயின் ஸ்டாக், புராசஸ் ஸ்டாக் என்று இரண்டு உண்டு. 32 பிட் எக்ஸ்86ல் எல்லாம் ஒரே பிரிவிலேஜில் ஓடினால் இன்டரப்ட் அப்போது ஓடிக்கொண்டிருக்கும் டாஸ்க்கின் ஸ்டாக்கிலேயே வந்து உட்காரும். ஒன்றுக்குள் ஒன்றாக இன்டரப்ட் அனுமதித்தால் ஒவ்வொரு டாஸ்க் ஸ்டாக்கும் அந்த ஆழத்தைத் தாங்க வேண்டும். எஸ்டிஎம்32ல் 512 பைட் ஸ்டாக்கோடு ஓடிய டாஸ்க்குகள் இங்கே சத்தமில்லாமல் பக்கத்து மெமரியைத் தின்னும். நெஸ்டிங் கவுன்ட் பூஜ்யத்திலிருந்து ஒன்றாகும்போது தனி ஸ்டாக்குக்கு மாறும் நான்கு வரியை ஸ்டப்பிலேயே எழுதிவிடுங்கள். அப்புறம் எஃப்பியு (ஃப்ளோட் கணக்குப் போடும் பகுதி): அதன் ரிஜிஸ்டர்களை எஃப்எக்ஸ்சேவ் கட்டளையால் சேமிக்கும் இடம் மட்டும் 512 பைட், 16 பைட் அலைன்மென்ட்டோடு. எல்லா டாஸ்க்குக்கும் அதைக் கொடுக்காமல், ஃப்ளோட் பயன்படுத்தும் டாஸ்க் என்று ஃபிளாக் வைத்தவற்றுக்கு மட்டும் மாற்றும்போதே சேமியுங்கள். முதல் ஃப்ளோட் இன்ஸ்ட்ரக்‌ஷன் வரும்போது எக்ஸப்ஷன் வாங்கிச் சேமிக்கும் சோம்பேறி முறையும் உண்டு, லினக்ஸ் உலகத்தில் 2018ல் வந்த லேஸிஎஃப்பி என்ற பாதுகாப்பு ஓட்டை அதனால்தான். உங்கள் சிஸ்டத்தில் பாதுகாப்புப் பிரச்சினை இல்லாமல் போகலாம், ஆனால் ஒரு டாஸ்க் எப்போது எவ்வளவு தாமதமாகும் என்று கணிக்க முடியாமல் போய்விடும்.

மூன்றாவது பென்ட்எஸ்வி. எல்லா இன்டரப்ட்டும் முடிந்த பிறகு கடைசியாக டாஸ்க் மாற்றும் அந்த வசதி எக்ஸ்86ல் இல்லை. மாற்ற வேண்டும் என்று ஒரு ஃபிளாக்கை உயர்த்தி, வெளியே வரும் கடைசி இன்டரப்ட் ஸ்டப் அதைப் பார்த்து மாற்ற வேண்டும். சின்ன வேலைதான்.

இன்டரப்ட் கண்ட்ரோலரில் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. முதல் 32 வெக்டரையும் (இன்டரப்ட் எண்) இன்டெல் தனக்கு ஒதுக்கி வைத்திருந்தது. ஐபிஎம் அதைப் பொருட்படுத்தாமல் ஐஆர்க்யூ (ஹார்டுவேர் இன்டரப்ட் லைன்) 0 முதல் 7 வரையை வெக்டர் 8 முதல் 15 வரை போட்டுவிட்டது. மல்டிபூட் முடிந்து உங்கள் கைக்கு வரும்போது பிக் எனப்படும் 8259 இன்டரப்ட் கண்ட்ரோலர் சிப் இரண்டும் அதே நிலையில்தான் இருக்கும். இன்டரப்ட்டைத் திறந்த அடுத்த டைமர் டிக்கில் வெக்டர் 8 வரும், அது டபுள் ஃபால்ட்டின் (ஒரு எக்ஸப்ஷனைக் கையாளப் போகும்போதே இன்னொன்று வருவது) எண், நீங்கள் இல்லாத ஃபால்ட்டைத் தேடுவீர்கள். எனவே பிக் இரண்டையும் வெக்டர் 32லிருந்து தொடங்கும்படி மாற்றி எழுதுங்கள். ஐஆர்க்யூ 7ல் சாயல் மட்டும் காட்டிவிட்டுப் போகும் போலி இன்டரப்ட்டும் வரும், சர்வீஸ் ரிஜிஸ்டரைப் பார்த்து நிஜமா என்று தெரிந்துகொண்டு நிஜமானால் மட்டும் இஓஐ (முடிந்தது என்ற அறிவிப்பு) கொடுங்கள்.

பிக்குக்குப் பின் வந்த இன்டரப்ட் கண்ட்ரோலரான ஏபிக்குக்கு எப்போது போவது? கார்டெக்ஸ்-எம்3ல் ஃப்ரீஆர்டிஓஎஸ் மாதிரியான கெர்னல்கள் கிரிட்டிக்கல் செக்‌ஷனில் பேஸ்பிரை ரிஜிஸ்டர் மூலம் ஒரு மட்டத்துக்குக் கீழே உள்ள இன்டரப்ட்டை மட்டும் தடுக்கும். உங்கள் அப்ளிகேஷனில் அந்த மட்டத்துக்கு மேலே ஒரு அவசர இன்டரப்ட் இருந்தால், எக்ஸ்86ல் சிஎல்ஐ (இன்டரப்ட்டை அணைக்கும் கட்டளை) போட்டு எல்லாவற்றையும் மூடும் எளிய போர்ட் அதைக் கெடுத்துவிடும். லோக்கல் ஏபிக்கின் (சிபியுவுக்குள் இருக்கும் பகுதி) டாஸ்க் பிரயாரிட்டி ரிஜிஸ்டர்தான் இங்கே அதற்கு ஈடு. வெக்டர் எண்ணின் மேல் நான்கு பிட்தான் பிரயாரிட்டி, எக்ஸப்ஷனுக்குப் போனது போக 14 மட்டம் கிடைக்கும். அப்படி அவசர இன்டரப்ட் எதுவும் இல்லை என்றால் பிக்கோடு இருங்கள். இன்னொரு காரணமும் இருக்கிறது: பிசிஐ கார்டின் இன்டரப்ட் எந்தப் பிக் லைனில் வருகிறது என்பதை பயாஸ் அந்தக் கார்டின் கான்ஃபிக் இடத்திலேயே எழுதி வைத்திருக்கும், ஒரு பைட் படித்தால் போதும். ஐஓ ஏபிக்குக்கு (வெளி இன்டரப்ட் லைன்களை வாங்கும் பகுதி) போனால் அந்தத் தகவல் ஏசிபிஐயின் பிஆர்டி டேபிளுக்குள் ஏஎம்எல் (ஏசிபிஐயின் சொந்த மொழி) நிரலாக இருக்கும், அதைப் படிக்க ஒரு இன்டர்ப்ரெட்டரையே உள்ளே கொண்டுவர வேண்டும். கார்டு எம்எஸ்ஐ ஆதரித்தால் தப்பித்தீர்கள், இன்டரப்ட் ஒரு மெமரி ரைட்டாக நேரே லோக்கல் ஏபிக்குக்கு வந்துவிடும், ரூட்டிங் எதையும் தேட வேண்டாம்.

டைமரில் ஒரு கணக்கு. பிஐடி (பிசியின் பழைய டைமர் சிப்) ஓடும் வேகம் நொடிக்கு 11,93,182. அதிலிருந்து 1000 ஹெர்ட்ஸ் டிக் எடுக்க 1193ஆல் வகுத்தால் நிஜமாகக் கிடைப்பது 1000.15. டிக்கை எண்ணித்தான் நேரம் காட்டுகிறீர்கள் என்றால் ஒரு நாளைக்கு சுமார் 13 நொடி முன்னால் ஓடும். 100 ஹெர்ட்ஸுக்கு 11932ஆல் வகுத்தால் வித்தியாசம் நாளுக்கு ஒன்றேகால் நொடி அளவில்தான். இந்த விசித்திர எண்ணுக்குக் காரணம், முதல் பிசியில் இருந்த 14.31818 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். அமெரிக்க கலர் டிவி சிக்னலுக்கு ஏற்ற எண், அதையே மூன்றால் வகுத்து சிபியுவுக்கும் பன்னிரண்டால் வகுத்து டைமருக்கும் கொடுத்தார்கள். நாற்பது வருஷம் கழித்து உங்கள் கண்ட்ரோலர் அந்த டிவியின் பாக்கியைச் சுமக்கிறது. டிக்கை பிஐடியில் எடுங்கள், நேரத்தை ஹெச்பிஇடி என்ற புதிய டைமரிலோ, நிலையான வேகத்தில் ஓடும் டிஎஸ்சி என்ற சிபியு கவுன்டரிலோ எடுங்கள். லோக்கல் ஏபிக் டைமரைப் பயன்படுத்தினால் அதன் வேகம் போர்டுக்குப் போர்டு மாறும், பூட் ஆகும்போது பிஐடியோடு ஒப்பிட்டு அளந்துகொள்ள வேண்டும்.

மெமரி பாதுகாப்பைத் தள்ளிப்போடாதீர்கள். பேஜிங் இல்லாமல் முகவரி 0 சாதாரண ரேம்தான், நல் (NULL) பாயின்டரில் எழுதினால் ஒன்றுமே நடக்காது. இதைச் சரிசெய்ய வெறும் 8 கேபி போதும்: 4 எம்பி பேஜ்களால் முழு 4 ஜிபியையும் அப்படியே மேப் செய்யும் ஒரு பேஜ் டைரக்டரி, முதல் 4 எம்பிக்கு மட்டும் ஒரு பேஜ் டேபிள், அதில் பேஜ் 0 காலி. டிரைவர் முகவரிகள் எதுவும் மாறாது, கேஷ் வகையையும் பயாஸ் எம்டிஆர்ஆர் ரிஜிஸ்டர்களில் வைத்தபடியே விட்டுவிடலாம். டபுள் ஃபால்ட்டுக்குத் தனி ஸ்டாக்கோடு ஒரு டிஎஸ்எஸ் (சிபியு டாஸ்க் நிலையை வைக்கும் இடம்) போட்டுவிடுங்கள், இல்லையென்றால் ஸ்டாக் நிரம்பும் ஒவ்வொரு முறையும் மெஷின் ஒரு வார்த்தை சொல்லாமல் ரீசெட் ஆகும்.

டிரைவர்களில் நெட்வொர்க்தான் பெரிய செலவு. பிசிஐயைத் தேடுவது எளிது, சிஎஃப்8 போர்ட்டில் முகவரி எழுதி சிஎஃப்சியில் படிக்க வேண்டும், இன்டெல் சிப் என்றால் வெண்டர் எண் 8086 என்று சிரித்துக்கொண்டு வரும். கமாண்ட் ரிஜிஸ்டரில் பஸ் மாஸ்டர் பிட்டை உயர்த்த மறந்தால் ரிஜிஸ்டர்கள் எல்லாம் சரியாக இருக்கும், ஒரு பாக்கெட்கூட நகராது. டிஎம்ஏவும் (கார்டு நேரே மெமரியைத் தொடுவது) கேஷும் தானே ஒத்துப்போவதால், கார்டெக்ஸ்-எம்7ல் செய்தது போல் கேஷைத் துடைக்க வேண்டியதில்லை, இது ஒரு நிம்மதி. டிரைவரை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். லினக்ஸ் டிரைவர் ஜிபிஎல் 2. ஃப்ரீஆர்டிஓஎஸ் எம்ஐடி லைசென்ஸ், ஜெஃபிரும் நட்எக்ஸும் அப்பாச்சி. ஜிபிஎல் நிரலை உள்ளே ஒட்டினால் உங்கள் முழு இமேஜும் எந்த லைசென்ஸில் போகும் என்ற கேள்வி வந்துவிடும். பிஎஸ்டி வழியே போங்கள். ஆர்டெம்ஸ்காரர்கள் ஃப்ரீபிஎஸ்டியின் டிரைவர்களை லிப்பிஎஸ்டி என்ற பெயரில் மொத்தமாகக் கொண்டுவந்து ஓட்டுகிறார்கள், அதை மாதிரியாக எடுத்துக்கொள்ளலாம்.

முதல் மாதங்கள் முழுக்க க்யூஎமு என்ற பிசி எமுலேட்டரில்தான் இருங்கள். 32 பிட் மல்டிபூட் கெர்னலை க்ரப்கூட இல்லாமல் நேரே ஏற்றும், ஜிடிபி டீபக்கரை 1234 போர்ட்டில் இணைக்கலாம், ஒவ்வொரு இன்டரப்ட்டையும் எக்ஸப்ஷனையும் லாக் எழுத வைக்கலாம், ட்ரிபிள் ஃபால்ட் (டபுள் ஃபால்ட்டையும் கையாள முடியாமல் போவது) வந்தால் ரீபூட் ஆகாமல் நிறுத்தலாம். ஆனால் அது நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். சீரியலில் எழுதினால் உடனே ஏற்றுக்கொள்ளும், நிஜ 16550 காத்திருக்க வைக்கும். ஆரம்ப நிலைக்குக் கொண்டுவராத மெமரி க்யூஎமுவில் பூஜ்யமாக இருக்கும், நிஜ மெஷினில் குப்பையாக இருக்கும். பிஎஸ்எஸ் பகுதியை (தொடக்க மதிப்பு கொடுக்காத குளோபல் வேரியபிள்கள்) நீங்களே பூஜ்யமாக்கவில்லை என்றால் அங்கேதான் வெளிப்படும்.

எவ்வளவு வேலை என்ற கேள்விக்கு: எக்ஸ்86 தெரிந்த ஒருவர் க்யூஎமுவில் ஷெட்யூலரும் டைமரும் சீரியலும் ஓடும் நிலைக்குச் சில வாரங்களில் வந்துவிடுவார். தேர்ந்தெடுத்த போர்டில் நெட்வொர்க்கும் டிஸ்க்கும் நம்பிக்கையாக ஓட மாதங்கள் ஆகும். அதை வெளியே கொடுக்கும் தரத்துக்குக் கொண்டுவருவது அதற்கும் மேல்.

கடைசியாக, இந்த முழுத் திட்டத்தையும் ஒன்றுமில்லாமல் ஆக்கக்கூடியது: எஸ்எம்ஐ (சிஸ்டம் மேனேஜ்மென்ட் இன்டரப்ட்). 1990ல் 386எஸ்எல் சிபியுவோடு வந்த சிஸ்டம் மேனேஜ்மென்ட் மோடில், பயாஸ் தன் வேலைக்காக சிபியுவை எப்போது வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்ளும். சிஎல்ஐ போட்டாலும் தடுக்க முடியாது, உங்கள் கெர்னலுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது, இடையில் காணாமல் போன நேரம் மட்டும்தான் தடயம். யூஎஸ்பி கீபோர்டைப் பழைய பிஎஸ்2 கீபோர்டு மாதிரி காட்டுவது, வெப்பநிலை பார்ப்பது, மெமரிப் பிழை பதிவது என்று காரணங்கள் பல. பத்து மைக்ரோ நொடியும் ஆகலாம், நூற்றுக்கணக்கிலும் ஆகலாம். எஸ்டிஎம்32ல் ஒன்றிரண்டு மைக்ரோ நொடிக்குள் பதில் சொல்லிப் பழகிய கண்ட்ரோல் லூப்புக்கு இது மரண அடி. பயாஸில் யூஎஸ்பி லெகசி சப்போர்ட்டை அணைத்தால் கொஞ்சம் குறையும், மொத்தமாகப் போகாது.

நல்ல வேளையாக இதை அளக்க உங்கள் ஆர்டிஓஎஸ் தேவையில்லை. அந்த மதர்போர்டில் லினக்ஸை யூஎஸ்பியிலிருந்து பூட் செய்து, கெர்னலில் இருக்கும் ஹெச்டபிள்யூலாட் ட்ரேசரை ஓட்டுங்கள். இன்டரப்ட்டை அணைத்துவிட்டு நேரத்தைத் தொடர்ந்து படித்து, நடுவில் விழும் இடைவெளியைச் சொல்வதுதான் அதன் வேலை. டர்போஸ்டாட் எத்தனை எஸ்எம்ஐ வந்தது என்று எண்ணியே காட்டும். நெட்வொர்க், டிஸ்க் எல்லாவற்றையும் ஓட விட்டு, கீபோர்டைப் பிடுங்கி மாட்டி, ஒரு இரவு முழுக்க விட்டுப் பாருங்கள். காலையில் வரும் அதிகபட்ச எண் உங்கள் லூப்புக்கு ஒத்துவரவில்லை என்றால் வேறு போர்டு தேடுங்கள், பயாஸைத் திருத்தித் தரச் சொல்லி போர்டு விற்றவரிடம் அலைவதைவிட அது சீக்கிரம் முடியும். ஒரு வரி நிரல் எழுதுவதற்கு முன்பும், மூன்று போர்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பும் இதைச் செய்துவிடுங்கள்.